கைக்குப் பழகின வேலையிலதான் கண் தூங்குது

எல்லாருக்கும் வணக்கம். பாஸ்மார், மேசன்மார், போட் இஞ்சின் வேலை செய்யுற தம்பிமார், பின்னுக்கு மதிலோட நிக்கிற பிள்ளையள், எல்லாரும் கொஞ்சம் முன்னுக்கு வந்து இருங்கோ, கடல் காத்தில மைக் சத்தம் அவ்வளவு தூரம் வராது. எனக்கு இருபது நிமிஷம் தந்திருக்கு, அதுக்குள்ள நான் ஒரு விஷயத்தைத்தான் கதைக்கப்போறன்: வேலை நல்லாப் பழகின ஆக்களுக்கு வாற கவனக்குறைவும் அவசரமும்.

நான் இந்தத் திருகோணமலையில 34 வருஷமா வெல்டிங் வேலை செய்யுறன். வேலை பழக வாற பொடியனுக்கு முதல் மாசம் ஆபத்து கூட எண்டது உண்மை, அவனுக்கு எது சுடும் எது வெட்டும் எண்டு தெரியாது. ஆனா அவனுக்குப் பயம் இருக்கு, அவனைச் சுத்தி நாலு பேர் "டேய் கையை எடு" எண்டு கத்திக்கொண்டும் நிப்பம். பத்து பதினைஞ்சு வருஷம் செஞ்ச ஆளை ஆர் பாக்கிறது? ஒருத்தரும் பாக்கிறேல்ல, அவரே தன்ர கையைப் பாக்கிறேல்ல, கை தானா வேலை செய்யுது, மனசு வீட்டில கரண்ட் பில்லில நிக்குது.

பழைய தமிழ்ல பொச்சாப்பு எண்டு ஒரு சொல் இருக்கு. சும்மா மறதி இல்லை அது, சந்தோசத்தில, எல்லாம் நல்லாத்தானே போகுது எண்ட நினைப்பில வாற மறதி. எனக்கு அந்தச் சொல்லை முதல் முதல் ஒரு தமிழ் வாத்தியார் விளங்கப்படுத்தினபோது எங்கட வேர்க்ஷொப்தான் கண்ணுக்கு முன்னால வந்துது.

1931ல அமெரிக்காவில ஹைன்ரிச் எண்டு ஒருத்தர், இன்சூரன்ஸ் கம்பெனியில வேலை செஞ்சவர், ஒரு கணக்குச் சொன்னார்: ஒரு பெரிய காயம் நடக்க முன்னம் 29 சின்னக் காயம், 300 தரம் காயமில்லாமத் தப்பின சம்பவம் இருக்குமாம். அந்த எண்ணிக்கை சரிதானோ எண்டு பிறகு கனபேர் கேள்வி கேட்டவங்க, நானும் அதைப் பிடிச்சுத் தொங்கேல்ல. நான் சொல்ல வாறது அந்த 300ஐ நாங்க என்ன செய்யுறம் எண்டது. தப்பின ஒவ்வொரு தரமும் எங்களுக்குப் பயம் வரவேணும், ஆனா எங்களுக்குத் தைரியம் வருது. "நான் எத்தினை தரம் இப்பிடிச் செஞ்சனான், என்ன நடந்தது?" எண்டு கேக்கிறம் பாருங்கோ, அந்தக் கேள்விதான் ஆபத்து.

நானும் கேட்டனான். 2005 புரட்டாசி. சுனாமிக்குப் பிறகு உப்புவெளியில இருந்து நிலாவெளி வரைக்கும் எங்க பாத்தாலும் வீட்டுத்திட்டம், கேட், ஜன்னல் கிரில், கூரை ட்ரஸ் எண்டு இரவுபகலா வேலை, மாரி இறங்க முன்னம் குடுத்து முடிக்கவேணும் எண்டு கொந்தராத்துக்காரர் காலையும் பின்னேரமும் வந்து நிப்பார். எங்கட்ட அண்டைக்கு இருந்தது நாலரை இஞ்சி டிஸ்க் பூட்டி இரும்பு வெட்டுற சின்னக் கிரைண்டர். ஆங்கிள் அயன் தடிப்பு, சின்ன டிஸ்க் எட்டேல்ல. ஏழு இஞ்சி மெஷின் வேற சைட்டில நிக்குது, போய் எடுத்துவர முக்கால் மணித்தியாலம் ஆகும். நான் டிஸ்க்கை மறைக்கிற இரும்பு மூடி, அந்தக் கார்டைக் கழட்டிப்போட்டு ஏழு இஞ்சி டிஸ்க்கை அந்தச் சின்ன மெஷினிலயே பூட்டினன். அது முதல்தரம் இல்லை. எத்தினையோ தரம் பூட்டினனான், ஒண்டும் நடந்ததில்லை.

இதுல என்ன பிழை எண்டு இப்ப சொல்லுறன், இங்க இருக்கிற பாதிப்பேர் இதைச் செஞ்சிருப்பீங்க. சின்ன மெஷின் ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 11,000 தரம் சுத்தும். ஏழு இஞ்சி டிஸ்க் தாங்குறது 8,500 மட்டும்தான், டிஸ்க்கிலயே அடிச்சிருக்கு. டிஸ்க் பெருக்கப் பெருக்க விளிம்பு ஓடுற வேகம் கூடும். 8,500ல அந்த விளிம்பு செக்கனுக்கு 80 மீற்றர் போகுது, அதாவது மணிக்கு 288 கிலோமீற்றர். அதையே 11,000ல சுத்தினா மணிக்கு 370ஐத் தாண்டும். பசையில ஒட்டின மணல் அது, வேற ஒண்டும் இல்லை. எத்தினை தரம் தாங்கும்?

அண்டைக்குத் தாங்கேல்ல. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில இரும்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட பொடியனுக்கு, பத்தொன்பது வயசு, வலது கண். கொழும்புக்குக் கொண்டுபோயும் காப்பாத்த ஏலாமப் போச்சுது. அவர் இண்டைக்கும் றோட்டில கண்டா "பாஸ்" எண்டுதான் கூப்பிடுறார். நான் மிச்சம் பிடிச்சது முக்கால் மணித்தியாலம்.

அவசரம் எங்க இருந்து வருது எண்டும் பாக்கவேணும். சோம்பேறித்தனம் எண்டு தொழிலாளிக்கு மேல போட்டிட்டுப் போக ஏலாது. எங்கட ஊரில அவசரத்துக்கு ஒரு நாட்காட்டியே இருக்கு. வைகாசி ஆனியில கச்சான் காத்து அடிக்குது, பத்து மணிக்கே தகரம் கையைச் சுடும், அதால வெயில் ஏற முன்னம் முடிப்பம் எண்டு விடிய ஓட்டம். புரட்டாசியில மாரிக்கு முன்னம் கூரை போடுற ஓட்டம். வெள்ளிக்கிழமையில ஜும்ஆக்கு முன்னம், சனிக்கிழமையில சம்பளத்துக்கு முன்னம், பிறகு தைப்பொங்கல், பெருநாள். இதுக்கு மேல, நாள் கூலி இல்லாம துண்டுக்கு இவ்வளவு எண்டு பேசி வேலை குடுத்தா எந்த மனுசன் நிண்டு கையுறை போடுவான்? வேலை குடுக்கிற ஆக்களே, கோவிக்காதேங்கோ, நீங்க "எப்ப முடியும்" எண்டு கேக்கிற ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு தரமாவது "கார்ட் போட்டிருக்கோ" எண்டு கேட்டிருக்கிறீங்களோ?

கிணறும் அப்பிடித்தான். தண்ணி கீழ போற காலத்தில கிணறு இறைச்சுத் துப்பரவாக்குறம். மேல வைச்ச பம்ப் ஏறக்குறைய 25 அடிக்குக் கீழ இருந்து தண்ணியை உறிஞ்சி எடுக்காது, உடனே பெற்றோல் பம்பைக் கயித்தில கட்டி உள்ளுக்கு இறக்கி ஸ்டார்ட் பண்ணுறது. அந்தப் புகையில இருக்கிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, மேல வராமக் கிணத்துக்குள்ளயே நிக்கும். ஒருத்தர் இறங்கிறார், சத்தம் இல்லாம விழுறார். அண்ணன் விழுந்திட்டான் எண்டு தம்பி பாயுறான், தம்பியைப் பாத்து அடுத்த வீட்டுக்காரர் பாயுறார். பாசத்தில செய்யுற அவசரம் அது, ஆரையும் குறை சொல்ல என்ர வாய் வராது. ஆனா தயவு செஞ்சு இஞ்சினைக் கிணத்துக்குள்ள இறக்காதேங்கோ. விழுந்தவரைப் பாத்தா நீங்க இறங்காதேங்கோ, மூச்சுக் கருவி வைச்சிருக்கிற ஆக்களைக் கூப்பிடுங்கோ. இறங்க முன்னமே ஆளுக்கு இடுப்பில கயிறு கட்டி, மேல இழுக்க ரெண்டு பேர் நிண்டா, பிறகு ஒருத்தரும் பாயத் தேவையில்லை.

பெரிய படிப்புப் படிச்ச ஆக்களுக்கு இது நடக்காது எண்டு நினைக்காதேங்கோ. 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரீஃப் தீவில ரெண்டு போயிங் 747 ஓடுபாதையிலயே மோதி 583 பேர் செத்தாங்க. டச்சு விமானத்தை ஓட்டினவர் சாதாரண ஆள் இல்லை, மத்த விமானிகளுக்குப் பயிற்சி குடுக்கிறவர். வேற விமான நிலையத்தில குண்டு வெடிச்சு எல்லா விமானத்தையும் இங்க திருப்பிவிட்டு மணித்தியாலக்கணக்காக் காத்திருப்பு, வேலை நேரம் முடியுற பிரச்சினை, பனிமூட்டம் வேற. புறப்பட அனுமதி வராமலே அவர் ஓடத் தொடங்கிட்டார். அப்ப பின்னுக்கு இருந்த ஃப்ளைட் இஞ்சினியர், அந்த மத்த விமானம் பாதையை விட்டு விலகேல்லையோ எண்டு கேட்டார். விலகிட்டுது எண்டு கப்டன் அழுத்திச் சொன்னார். இஞ்சினியர் அதுக்கு மேல கேக்கேல்ல. நான் இந்தக் கதையை நினைக்கிற நேரமெல்லாம் அந்த மனுசனைத்தான் நினைக்கிறது, சந்தேகம் வந்தது, வாயும் திறந்தது, ஆனா பெரியவர் சொல்லிட்டார் எண்டு அடங்கிட்டார். அதுக்குப் பிறகு விமானக் கம்பெனியள் சின்னவர் சொல்லப் பழகவும் பெரியவர் கேக்கப் பழகவும் எண்டே தனியாப் பயிற்சி வைச்சாங்க.

எங்கட வேர்க்ஷொப்பில பத்தொன்பது வயசுப் பொடியன் "பாஸ், கார்ட் இல்லையே" எண்டு சொன்னா நாங்க என்ன சொல்லுவம்? "எனக்குப் படிப்பிக்க வந்திட்டியோ" எண்டு கேப்பம். அண்டைக்கு என்ர பொடியன் ஏதும் நினைச்சவரோ எண்டு நான் பிறகு கேட்டனான். "நினைச்சனான் பாஸ், சொல்லப் பயமா இருந்தது" எண்டார்.

ஜப்பான் ரயில்காரர் ஒரு வேலை செய்யுறாங்க, நூறு வருஷத்துக்கு மேல இருக்கிற பழக்கம். சிக்னலைக் கண்டா கண்ணால பாத்திட்டு மட்டும் போறேல்ல, விரலை நீட்டிக் காட்டி "சிக்னல் பச்சை" எண்டு வாய்விட்டுச் சொல்லுவாங்க. அந்த நாட்டு ரயில்வே ஆய்வு நிலையம் 1994ல சோதிச்சுப் பாத்ததில, சும்மா செய்யேக்க நூறு தரத்துக்கு 2.38 பிழை, விரலும் வாயும் சேர்ந்தா 0.38. கிட்டத்தட்ட 85 வீதம் குறைவு. காசு செலவில்லை, கருவி தேவையில்லை. கை தானா ஓடுற வேலையை விரல் ஒரு செக்கன் மறிச்சு நிப்பாட்டுது, கண் முழிக்குது.

எங்கட ஆக்கள் முதல்ல சிரிப்பாங்க, சிரிக்கட்டும். நான் ஏழு வருஷமா எங்கட வேர்க்ஷொப்பில இதைச் செய்யுறன்: "கார்ட் இருக்கு, டிஸ்க் சரி, கண்ணாடி போட்டாச்சு, முன்னால ஆள் இல்லை." நாலு சொல். பொடியன் சொல்லாம சுவிட்ச் போட்டா நான் நிப்பாட்டுவன், நான் சொல்லாமப் போட்டா அவன் நிப்பாட்டுவான், அதுக்கு ஒருத்தரும் ஏசக்கூடாது எண்டு முதல் நாளே பேச்சு.

சட்டமும் இருக்கு, 1942ல வந்த தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம், 1934ல வந்த வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம். காயப்பட்டா நட்டஈடு கேக்க உரிமை இருக்கு, "தானா விழுந்தவன்" எண்டு சொல்லி மறைக்கிற ஆக்களுக்குப் பயப்படாதேங்கோ, தொழில் திணைக்களத்துக்குப் போங்கோ. ஆனா எந்த நட்டஈட்டிலயும் கண் திரும்பி வந்ததை நான் பாக்கேல்ல.

நேரம் முடியுது எண்டு தம்பி கை காட்டுறார். வெளியில மேசையில ரெண்டு கிரைண்டரும் கொஞ்ச டிஸ்க்கும் வைச்சிருக்கிறன். டிஸ்க்கின்ர நடுவில இருக்கிற இரும்பு வளையத்தில காலாவதித் திகதி அடிச்சிருக்கும், இங்க கனபேர் அதை ஒருநாளும் பாத்திருக்கமாட்டீங்க. தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து ஒவ்வொருத்தரா எடுத்து, விரலால தொட்டு, சத்தமா வாசிச்சுக் காட்டுங்கோ. அதுல ஒரு டிஸ்க் பழசு, எது எண்டு நீங்களே கண்டுபிடியுங்கோ.