ஓவரி கேன்சர்: அப்பா வீட்டுப் பக்கமும் கேளுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்குச் சினைப்பைப் புற்றுநோய், அதாவது ஓவரி கேன்சர் பற்றிப் பேசப்போகிறேன்.

குடும்பத்தில் யாருக்காவது கேன்சர் உண்டா என்று டாக்டர் கேட்டால் நாம் அம்மா, சித்தி, அம்மாச்சி வரைக்கும் யோசித்துவிட்டு ‘இல்லை’ என்கிறோம். அத்தை ஞாபகத்துக்கே வருவதில்லை. ஆனால் இந்த நோயின் ஆபத்தைக் கூட்டுகிற பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களின் கோளாறு அப்பா வழியாகவும் வரும். அவர் நோய் நொடி இல்லாமல் இருந்தாலும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அந்தக் கோளாறு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. சாதாரணமாக 100 பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிற நோய், பிஆர்சிஏ1 கோளாறு இருந்தால் 40 பேருக்குக்கூட வரலாம்.

இந்தத் தாளில் எங்கள் குடும்ப மரத்தை வரைந்திருக்கிறேன், பாருங்கள். வட்டம் பெண்கள், சதுரம் ஆண்கள். இந்த வட்டம் என் பெரிய அத்தை. ‘வயிற்றில் நீர் கோத்து 48 வயதில் போய்ச் சேர்ந்தாள்’ என்றுதான் வீட்டில் சொல்வார்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தால் ஓவரி கேன்சர் என்று இருக்கிறது. நீங்களும் கேளுங்கள்: என்ன நோய், எந்த வயதில்? இளவயதில் வந்த மார்பகப் புற்றுநோய், குடல், கர்ப்பப்பைப் புற்றுநோய் எல்லாமே கணக்கில் வரும்.

வயது ஏற ஏற ஆபத்து கூடும். எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய், இருந்தாலும் கூடும். குழந்தை பெறாதவர்களுக்குக் கொஞ்சம்தான் கூடுதல். தயவுசெய்து இதைச் சொல்லி யாரையும் நோகடிக்காதீர்கள். தாய்ப்பால் கொடுப்பது, கருத்தடை மாத்திரை, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் எல்லாம் ஆபத்தைக் குறைக்கும்.

‘பாப் ஸ்மியர் நார்மல்’ என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது கர்ப்பப்பை வாய்க்கான டெஸ்ட். பிரிட்டனில் 2 லட்சம் பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது: வருஷாவருஷம் ஸ்கேனோ சிஏ-125 ரத்தப் பரிசோதனையோ செய்தும் இந்த நோயால் வரும் சாவு குறையவில்லை. அதனால்தான் குடும்பக் கதையை முன்கூட்டியே கேட்கச் சொல்கிறேன். கோளாறு உறுதியானால், குழந்தை பெற்று முடித்தபின், பெரும்பாலும் 35 வயதுக்கு மேல், சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடுவது பற்றி டாக்டரிடம் பேசலாம்.

நோய் வந்தவருக்குத்தான் முதலில் மரபணு டெஸ்ட் எடுப்பார்கள். அத்தை இல்லாததால் அப்பா ரத்தம் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். அவருக்குக் கோளாறு இல்லையென்றால் அவர் வழியாக எனக்கும் வராது. ஆனால் அத்தை பெண்களுக்கு அந்த ரிசல்ட் செல்லாது. அவர்கள் தனியாக எடுத்தே ஆக வேண்டும். நேற்று இரண்டு பேரிடமும் போனில் பேசிவிட்டேன்.