பிளஸ் டூ முடித்த மகளுக்கு ஸ்காலர்ஷிப்: எங்கே தொடங்குவது?

அடுத்த கேள்வி அறந்தாங்கி பக்கத்திலிருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன். "என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள். 521 மார்க். இன்ஜினியரிங் படிக்க ஆசைப்படுகிறாள். அவள் அப்பா தையல் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் யாரும் காலேஜ் வாசல் மிதித்ததில்லை. ஒரு தனியார் கல்லூரியிலிருந்து வீட்டுக்கே ஆள் வந்து, மார்க்குக்குப் பாதி ஃபீஸ் ஸ்காலர்ஷிப் தருகிறோம், ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் அட்வான்ஸையும் கொடுத்து இப்போதே சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். கொடுக்கலாமா? வேறு ஸ்காலர்ஷிப் இருக்கிறதென்றால் எங்கே தேடுவது, எப்படி வாங்குவது?"

அம்மா, சர்டிபிகேட்டைக் கொடுக்காதீர்கள். மாணவர்களின் அசல் சான்றிதழைக் கல்லூரிகள் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018-லேயே சொல்லிவிட்டது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும். அதைக் கேட்டு ஒருவர் வீடு தேடி வருகிறார் என்றால், உங்கள் மகள் வேறு எங்கும் போய்விடக் கூடாது என்பதுதான் காரணம்.

அந்தப் பாதி ஃபீஸ் விஷயத்துக்கு வருகிறேன். அது கல்லூரி தானே போட்ட கட்டணத்தில் தானே கொடுக்கும் தள்ளுபடி. நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது மேனேஜ்மெண்ட் கோட்டாவில், சேர்த்துக்கொண்டு கொடுப்பது. எத்தனை வருடத்துக்கு, எந்தக் கட்டணத்தில் பாதி, ஒரு அரியர் விழுந்தால் நின்றுவிடுமா, இதையெல்லாம் எழுத்தில் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது, முதல் பட்டதாரி சலுகை கிடையாது, ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கத் தரும், உதவித்தொகையும் கிடையாது. உங்கள் மகளுக்கு வர வேண்டிய பெரிய பணம் அந்த ஒரு கையெழுத்தில் போய்விடும்.

நான் எல்லாப் பெற்றோரிடமும் சொல்வது இதைத்தான். ஸ்காலர்ஷிப் என்பது கல்லூரியில் சேர்ந்த பிறகு தேடும் விஷயம் இல்லை. சீட் எந்த வழியில் வருகிறது என்பதிலேயே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது.

உங்கள் மகள் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. அப்படிப் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதல் 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்கப்படுகிறது. அந்த இடத்தில் கவுன்சலிங் மூலம் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாமே அரசு ஏற்கிறது. பாதி இல்லை அம்மா, முழுவதும். கிடைப்பது தனியார் கல்லூரியாக இருந்தாலும் கவுன்சலிங் வழியாக வந்த இடம் என்றால் இது உண்டு. அதனால் முதல் வேலை, பொறியியல் கலந்தாய்வு இணையதளத்தில் பதிவு செய்வது. கம்ப்யூட்டர் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். மாவட்டந்தோறும் உதவி மையம் வைத்திருக்கிறார்கள், அங்கே போனால் அவர்களே பதிந்து தருவார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளி என்ற விவரத்தைத் தலைமை ஆசிரியரிடம் சரிபார்த்துக்கொண்டு போங்கள்.

அதோடு முதல் பட்டதாரி சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். 7.5-இல் விரும்பிய இடம் அமையாமல் பொதுக் கலந்தாய்வில் எடுத்தால் இது கல்விக் கட்டணத்தைக் குறைக்கும். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இந்தச் சலுகை. அக்கா வாங்கிவிட்டால் தம்பிக்கு இல்லை, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பரில் ஆரம்பித்தது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்குப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு. பையன்களுக்கு இதே மாதிரி தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. இதற்குக் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம் போகும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

மத்திய அரசுத் திட்டங்களுக்கு நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல் என்ற ஒரே இணையதளம். அதில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, பிரகதி. ஏஐசிடிஇ, அதாவது தொழில்நுட்பக் கல்விக்கான மத்தியக் குழு, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் டிப்ளமோ அல்லது இன்ஜினியரிங் சேரும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். இன்னொன்று, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கொடுப்பது. பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுக்கு வருடம் 12,000 ரூபாய், வருமான வரம்பு நாலரை லட்சம். இதில் 80 பர்சன்டைல் என்று போட்டிருப்பார்கள். பலர் அதை 80 சதவீத மார்க் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அந்த வருடம் அதே பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களில் மேலே இருக்கும் 20 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்று அர்த்தம். இந்த இரண்டாவது உதவி, வேறு அரசு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்காதவர்களுக்குத்தான். மகளுக்கு 7.5-இல் இடம் கிடைத்துவிட்டால் இதை நம்ப வேண்டாம். எதைப் போடுவதற்கு முன்பும் அந்தத் திட்டத்தின் விதியை ஒரு தரம் வாசித்துவிடுங்கள்.

இப்போது நான் அதிகம் வருத்தப்படும் இடத்துக்கு வருகிறேன். தகுதி இருக்கும், விண்ணப்பமும் போட்டிருப்பார்கள், ஆனால் பணம் வந்திருக்காது. என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலானோர் இந்த ரகம்தான். காரணம் மார்க் இல்லை, பெயரும் பாஸ்புக்கும்.

நம் ஊர் இனிஷியல் இருக்கிறதே, அதுதான் முதல் தகராறு. ஆதாரில் "மு. கவிதா" என்று இருக்கும், மார்க் ஷீட்டில் "கவிதா மு" என்று இருக்கும், பாஸ்புக்கில் அப்பா பெயரையும் சேர்த்துக் "கவிதா முருகன்" என்று இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே பிள்ளை. கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். மார்க் ஷீட்டில் இருப்பதை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் இந்த விடுமுறையிலேயே திருத்திவிடுங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள்.

இரண்டாவது வங்கிக் கணக்கு. பேங்கில் போய் ஆதார் இணைத்திருக்கிறதா என்று கேட்டால் இணைத்தாச்சு என்பார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் அடையாளத்துக்காக இணைத்ததை. அரசுப் பணம் நேரடியாக வருவதற்கு அது போதாது. வங்கிகளுக்கு இடையே பணம் போக வழி செய்யும் என்பிசிஐ என்ற அமைப்பின் பதிவில் உங்கள் மகளின் ஆதாருக்கு நேராக அந்த வங்கியின் பெயர் இருக்க வேண்டும். "ஆதார் சீடிங் செய்துகொடுங்கள், உதவித்தொகை வர வேண்டும்" என்று சொல்லிக் கேளுங்கள், அவர்களுக்குப் புரியும். ஓர் ஆதாருக்கு அங்கே ஒரு வங்கிதான் நிற்கும், கடைசியாக எதை இணைத்தோமோ அது. பள்ளியில் திறந்து கொடுத்த கணக்கு தொடாமல் கிடந்து முடங்கியிருக்கும், பணம் அதைத் தேடிப் போய் நிற்கும். மை ஆதார் இணையதளத்தில் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. ஓடிபி போட்டால் எந்த வங்கி என்று காட்டிவிடும். அந்த ஓடிபி வரும் நம்பர் கையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய நம்பராக இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, சப்மிட் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவது. போர்ட்டலில் போட்ட விண்ணப்பத்தைக் கல்லூரியில் அதற்கென்று இருக்கும் அலுவலர் திறந்து, சரிபார்த்து, மேலே அனுப்ப வேண்டும். கடைசித் தேதிக்குள் அவர் அனுப்பாவிட்டால் அவ்வளவுதான். பிழை இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் அதையும் தேதிக்குள் திருத்தி மறுபடி போட வேண்டும். அதனால் வாரம் ஒரு முறை ஸ்டேட்டஸ் பார்க்க வேண்டும். நகரவில்லை என்றால் நேரில் போய்க் கேட்க வேண்டும். இதில் கூச்சமே வேண்டாம், அது அவர்களுடைய வேலை.

அரசு தவிர வேறு இடங்களும் இருக்கின்றன. அகரம் ஃபவுண்டேஷன் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத்தான் தேடி எடுக்கிறது. தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து நிலைமையைப் பார்ப்பார்கள். ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் மாதிரி பெரிய அறக்கட்டளைகள் திறனறித் தேர்வு வைக்கின்றன. உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே அறக்கட்டளைகள், ரோட்டரி சங்கம், பள்ளியின் முன்னாள் மாணவர்கள் என்று சின்னச் சின்னதாக உதவுவார்கள். அவை இணையத்தில் வராது. தலைமை ஆசிரியரிடம் கேட்டால்தான் தெரியும்.

இங்கெல்லாம் உங்களைப் பற்றி எழுதுங்கள் என்று ஒரு பக்கம் கேட்பார்கள். பெரும்பாலான பிள்ளைகள், "நான் ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவள், நன்றாகப் படித்து நாட்டுக்குச் சேவை செய்வேன்" என்று எழுதுகிறார்கள். பொய் இல்லை. ஆனால் படிக்கிறவர் முன்னால் அதே வரி கட்டுக்கட்டாகக் கிடக்கும். உங்கள் மகள் இப்படி எழுதட்டும். அப்பா எங்கே மெஷின் போட்டுத் தைக்கிறார், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் யூனிஃபார்ம் தைத்து வருவது எவ்வளவு, மழை மாதங்களில் எவ்வளவு. பள்ளி விட்டு வந்து காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் அவள்தான் என்றால் அதை எழுத வேண்டும். அந்த வேலைக்கு நடுவில் எப்போது படித்து 521 எடுத்தாள் என்பதையும் எழுத வேண்டும். கடைசியில், எந்தச் செலவுக்கு எவ்வளவு குறைகிறது என்று கணக்காகச் சொல்ல வேண்டும். லேப்டாப்புக்கா, பஸ்ஸுக்கா, புத்தகத்துக்கா. வேறு எங்கே விண்ணப்பித்திருக்கிறாள், எது கிடைத்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லட்டும். முதலில் தமிழில் அவளே எழுதட்டும். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் அவளுடைய டீச்சர் பார்த்து மாற்றித் தரலாம். கடையில் காசு கொடுத்து எழுதி வாங்கியது நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே வெளியே வந்துவிடும்.

விண்ணப்பிக்கவோ, தொகையை விடுவிக்கவோ பணம் கட்டச் சொல்கிறவர்களிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள். இ-சேவை மையத்தில் கட்டும் சேவைக் கட்டணம் வேறு.

கடைசியாக, வருமானச் சான்றிதழ் புதியதாக இருக்க வேண்டும், போன வருடத்தியதைக் கொடுத்தால் திருப்பிவிடுவார்கள். பல உதவித்தொகைகளை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு மார்க்கும் பார்ப்பார்கள், 75 சதவீத வருகையும் பார்ப்பார்கள். போர்ட்டலில் கொடுத்த பதிவு எண், பாஸ்வேர்ட், மொபைல் நம்பர் மூன்றையும் மகள் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். இரண்டாம் வருட விண்ணப்பத்தை அவளே போட்டுக்கொள்வாள்.