கண்ணாடியை உடைத்த தலைமையாசிரியர்

நேயர்களுக்கு வணக்கம். 1958இல் அமெரிக்காவில் வெளியான 'தி பிளாப்' படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். விண்கல்லோடு வந்து விழும் கூழ் போன்ற ஒன்று, அகப்பட்டவர்களை விழுங்கி விழுங்கிப் பெருத்துக்கொண்டே போகிறது. கதை அவ்வளவுதான்.

அன்றைய விமர்சகர்கள் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நடிப்பு சரியில்லை, வசனம் சவசவவென்று இருக்கிறது, மலிவான தயாரிப்பு என்றார்கள். பின்னால் வந்தவர்களோ, சிவப்பாக இருக்கிறது, பரவுகிறது, ஆகவே இது கம்யூனிசத்தைப் பற்றிய பயம்தான் என்று பொருள் சொன்னார்கள். இந்த இரண்டு கட்சியிலும் நான் சேரமாட்டேன்.

மலிவு என்பது உண்மைதான். சாயம் கலந்த சிலிக்கோனை எடுத்துச் சின்னஞ்சிறு மாதிரிக் கட்டடங்களின் மேல் வழியவிட்டுத்தான் படம் பிடித்தார்கள். ஆனால் அந்தக் கிழவர் குச்சியால் விண்கல்லைக் கிளறும் காட்சியைப் பாருங்கள். கூழ் குச்சியில் ஏறுகிறது, கையைப் பற்றுகிறது, உதறினாலும் விடுவதில்லை. பல்லும் நகமும் உள்ள எந்தப் பூதமும் எனக்கு இந்த அருவருப்பைத் தந்ததில்லை. முகமே இல்லாத ஒன்றிடம் கெஞ்ச முடியாதல்லவா?

ஆனால் படத்தின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. எப்போதும் சொல்வதுதான், இன்றும் சொல்கிறேன்: இது இளைஞர்களின் சொல் எடுபடாத ஊரின் கதை. ஸ்டீவ் மெக்வீன் நடித்த பையன் நேரில் கண்டதைச் சொல்கிறான். போலீஸ்காரர் ஒருவர் அதை விளையாட்டுப் பிள்ளைகளின் சேட்டை என்கிறார். வீட்டிலும் நம்புவதில்லை. கண்டதைச் சொல்லியும் பெரியவர்கள் நம்பாமல் போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

கூழுக்குக் குளிர் ஆகாது என்று கண்டுபிடிப்பவனும் அவனே. குளிர்ந்த வாயுவைப் பீய்ச்சும் தீயணைப்புக் கருவிகள் பள்ளிக்கூடத்துக்குள் இருக்கின்றன, கதவோ பூட்டியிருக்கிறது. கதாநாயகியின் தந்தையான தலைமையாசிரியர் ஒரு கணம் தயங்குகிறார். பிறகு தம் பள்ளிக்கூடத்துக் கண்ணாடியைத் தாமே உடைக்கிறார். கம்யூனிச விளக்கம் தருகிறவர்கள் இந்தக் கணத்தை எங்கே வைப்பார்கள்? ஒரு பெரியவர் பிள்ளைகளின் பேச்சை நம்பித் தம் ஒழுங்கையே மீறுகிறார். படம் இதற்காகத்தான் காத்திருந்தது.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். 1988இல் வந்த மறு ஆக்கத்தைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன். அதில் அந்தக் கூழ் வானிலிருந்து விழுந்தாலும் வேற்றுலகத்தது அல்ல, அரசாங்கத்தின் ஆயுதச் சோதனையில் பிறந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வணக்கம்.