தாலியும் குடிசை வரியும்: ஒருதார மணத்தின் தென்னாப்பிரிக்க வரலாறு

[திரையில்: நேட்டால் வரைபடம், 1849]

ஒருவனுக்கு ஒருத்தி என்பது தமிழரின் தொன்றுதொட்ட நெறி என்று மேடைகளில் கேட்கிறோம். ஆனால் டர்பனில் நாம் காவடி எடுப்பது வள்ளி தெய்வானையுடன் நிற்கும் முருகனுக்குத்தான். சென்னை மாகாணத்தில் இந்து ஆண்களின் இருதார மணத்தைச் சட்டம் தடுத்ததும் 1949இல்தான். அந்த நெறியை யார், எந்த ஆதாயத்துக்காகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள் என்பதற்கு இந்த நாட்டின் வரலாறே சாட்சி.

1849இல், டர்பன் இருக்கும் நேட்டாலின் ஆங்கிலேய ஆட்சி ஆப்பிரிக்கர்களின் ஒவ்வொரு குடிசைக்கும் ஆண்டுக்கு 7 ஷில்லிங் வரி விதித்தது. அங்கு வாழும் சூலு மக்களின் வழக்கப்படி ஒவ்வொரு மனைவிக்கும் தனிக் குடிசை உண்டு என்பதால் மனைவியர் கூடக்கூட வரியும் கூடியது. அதைக் கட்ட ஆண்கள் மாட்டை விற்கவோ வெள்ளையரிடம் கூலிக்குப் போகவோ நேர்ந்தது. பாதிரிமார் பாவம் என்று கண்டித்த பலதார மணம் கருவூலத்துக்கு வருவாயாக இருந்தது.

[திரையில்: கேப் டவுன் நீதிமன்றம், 1913]

1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் விஷயத்தில் கணக்கு வேறாக இருந்தது. உழைப்பு வேண்டும், குடும்பம் பெருகக் கூடாது என்பதே அரசின் எண்ணம். 1913 மார்ச் 14 அன்று நீதிபதி சியர்ல், பலதார மணத்துக்கு இடம் தரும் மதத்தின் சடங்குப்படி நடந்த திருமணம் இங்குச் செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஒருவருக்கு உண்மையில் எத்தனை மனைவியர் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. வழக்கு ஒரு முஸ்லிம் குடும்பத்தினுடையது. ஆயினும் ஒரே மனைவியுடன் வாழ்ந்த இந்துக் கணவனின் தாலியும் அன்றே சட்டத்தின் முன் மதிப்பிழந்தது.

இதையும் எதிர்த்து எழுந்த போராட்டத்தில், அவ்வாண்டு அக்டோபரில் பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து நேட்டாலுக்குள் எல்லை கடந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். காந்தியைப் பற்றிப் பேசும் அளவுக்கு இவர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை. அப்போராட்டத்தில் சிறை சென்று அங்கே காய்ச்சல் கண்ட தில்லையாடி வள்ளியம்மை, விடுதலையான பின், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார்.

அவ்வாண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கிய இந்தியர்மீது விதித்திருந்த 3 பவுண்டு தலைவரியை நீக்கி, நம் திருமணங்களையும் ஏற்றது. ஆனால் ஒரே ஒரு மனைவியை மட்டும். ஆட்சியாளரின் அளவுகோலுக்குள் தம்மைப் பொருத்திக் காட்டியே நம்மவர் வென்றார்கள் என்பது என் கருத்து. இரண்டாம் மனைவியும் அவள் பிள்ளைகளும் வெளியே நின்றார்கள்.

1998இன் சட்டம் ஆப்பிரிக்க மரபு மணங்களை, பலதார மணம் உட்பட, ஏற்றது. இந்து, முஸ்லிம் மணங்கள் அதில் இடம்பெறவில்லை. இந்துச் சடங்கோடு மணந்து, பதிவு செய்யாமல் வாழ்ந்த ஒரு பெண்ணை, உயில் எழுதாது இறந்த கணவனின் வாரிசுரிமை உள்ள மனைவியாக டர்பன் உயர் நீதிமன்றம் ஏற்றது 2008இல்.