பாதிரிக்குடியார் காவல்

வணக்கம் நேயர்களே. மதுரைக்கு வருகிறவர்கள் மீனாட்சியம்மன் கோயிலைப் பார்க்கிறார்கள், திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்கிறார்கள், அப்புறம் கொடைக்கானலுக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். மதுரைக்காரர்களான நாமும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊரை விட்டுத் தூரமாகப் போகத்தான் பார்க்கிறோம். மேலூர்ச் சாலையில் சுமார் 25 கிலோமீட்டர் போய் உள்ளே திரும்பினால் அரிட்டாபட்டி. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

அங்கே இருப்பவை பொட்டல் குன்றுகள். முதல் தடவை போனபோது, 'இதில் என்ன இருக்கிறது' என்றுதான் நானும் நினைத்தேன். குன்றின் ஒரு பக்கம் பாறையைக் குடைந்து, கி.பி. 8ஆம் நூற்றாண்டில் எடுத்த சிவன் கோயில் இருக்கிறது. அதன் வெளிச்சுவரில், சிவனின் அவதாரமாகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பம். தமிழ்நாட்டில் லகுலீசரைக் காண்பதே அரிது. வாசலிலேயே கொஞ்ச நேரம் உட்காருங்கள். வெயில் ஏறும்போதும் அந்தக் கல் குளிர்ந்தே இருக்கும்.

இன்னொரு பக்கத்தில் சமணர் குகை. நெற்றிப் பாறையில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகள், 2000 வருடங்களுக்கும் மேல் பழையவை. குகையை இன்னார் அமைத்துக் கொடுத்தார் என்று சொல்பவை.

ஆனால் என்னை அங்கே திரும்பத் திரும்ப இழுப்பது வேறொன்று. குகைக்குப் பக்கத்துப் பாறையில், சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர் ஒருவரின் புடைப்புச் சிற்பம். அதன் கீழே, வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில், அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த திருமேனி இது என்று இருக்கிறது. கடைசி வரி, 'பாதிரிக்குடியார் ரட்சை'. பாதிரிக்குடி ஊராரின் காவல் என்று பொருள். ஆயிரம் வருடத்துக்கு முன்பே, இதைக் காப்பது ஊராரின் பொறுப்பு என்று கல்லில் வெட்டிவிட்டார்கள்.

ஊரார் காத்தும் வருகிறார்கள். லகர் வல்லூறும் ராசாளிக் கழுகும் இருக்கிற மலை இது. சுமார் 250 வகைப் பறவைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அரிட்டாபட்டியும் பக்கத்து மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் இரண்டு வருடம் கழித்து, இந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் உலோகச் சுரங்க ஏலம் வந்தது. சுற்றுவட்டார மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரை பேரணியாகவே வந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தச் செய்தியைக் கேட்ட அன்று எனக்கு நினைவுக்கு வந்தது அந்த ரட்சை வரிதான்.

ஆகவே போகும்போது, ஊர்க்காரர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மலை ஏறுங்கள். குகைக்கு வழி, சுனைக்கு வழி, பறவை கூடு வைத்திருக்கும் பாறை எது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கூடு பக்கம் நெருங்காதீர்கள், கைதட்டிக் கத்தாதீர்கள். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் கண்மாய்களில் தண்ணீர் இருக்கும். தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள், காலியானதைத் திரும்பக் கொண்டு வாருங்கள். எழுத்துள்ள பாறையில் சுண்ணாம்பு தேய்த்துப் படம் எடுக்க வேண்டாம். சாய்வாக வெயில் விழும் காலை நேரத்தில் எழுத்துகள் தாமாகவே தெளிவாகத் தெரியும். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். தமிழியில் 'ம' எப்படி இருக்கும் என்று முன்னாலேயே ஒரு தாளில் எழுதிக் காட்டிவிட்டால், பாறையில் அவர்களே தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

நன்றி, வணக்கம்.