வட்டக் கட்டடத்தில் பிறந்த பியானோ

நேயர்களுக்கு வணக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஆர்மோனியமும் பியானோவும் பழுது பார்ப்பது என் தொழில், அப்பாவிடம் பழகியது. போன மாரியில் ஒரு தேவாலய மண்டபத்துப் பழைய பியானோவைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். மூடியைத் திறந்ததும் குப்பென்று பூஞ்சண வாசம். கம்பியெல்லாம் துரு. பாதிக் கட்டைகள் அமுக்கினால் அமுங்கியபடியே கிடந்தன. ஈரத்துணியால் துடைத்தபோது கட்டைகளுக்கு மேலே பொன்னெழுத்து தெரிந்தது: கொலார்ட் அண்ட் கொலார்ட், லண்டன்.

அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு கட்டடம்தான் நினைவுக்கு வரும். லண்டனில் கேம்டன் டவுன் என்ற பகுதியில் அது இன்னமும் நிற்கிறது. இந்தக் கம்பெனியின் பியானோத் தொழிற்சாலையாக இருந்தது. முதலில் கட்டியது 1851இல் தீயில் போய்விட்டது. மரமும் வார்னிஷும் நிறைந்த இடம், வேறென்ன நடக்கும்? அடுத்த வருடமே, 1852இல், மறுபடி எழுப்பிவிட்டார்கள். கம்பெனியின் வேர் இன்னும் பழையது. ரோமில் பிறந்த இசைமேதை முஸியோ கிளெமென்டி லண்டனில் பியானோ வியாபாரம் நடத்தினார். அவருடைய கூட்டாளிதான் கொலார்ட்.

கட்டடம் வட்டமானது. சரியாகச் சொன்னால் 22 பக்கம், ஐந்து மாடி. பியானோ வேலைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். சுற்றிவர ஜன்னல் வைத்துவிட்டால் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் பகல் வெளிச்சம் கையில் விழும். நடுவில் கிணறு மாதிரி ஒரு திறப்பு, கீழிருந்து மேல்வரை. படியில் தூக்கிக்கொண்டு அலையாமல், அந்தத் திறப்பு வழியாகவே பியானோவை மாடிக்கு மாடி ஏற்றி இறக்கினார்கள். பக்கத்திலேயே ரீஜென்ட்ஸ் கால்வாய் இருந்ததால் மரம் படகில் வந்தது. அந்த வட்டாரம் முழுக்கப் பியானோப் பட்டறைகள் பெருகியதற்கு அது ஒரு காரணம்.

நமக்கு இது புதிதா? நம்முடைய தேயிலை ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, நினைத்துப் பாருங்கள். மேல்மாடியில் இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல். கொழுந்து வாடக் காற்று வேண்டும் என்பதற்காக வைத்தது. அங்கே வெளிச்சத்துக்கு, இங்கே காற்றுக்கு. உள்ளே நடக்கிற வேலைதான் சுவரின் வடிவத்தைத் தீர்மானித்திருக்கிறது. எந்தப் பழைய தொழிற்சாலையைப் பார்த்தாலும் நான் முதலில் ஜன்னலைத்தான் எண்ணுவேன்.

1852இல் நம் மலையில் தேயிலைத் தோட்டமே கிடையாது, கோப்பிதான். கண்டிப் பக்கத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் தேயிலை போட்டது 1867இல். கண்டிக்கு ரயில் வந்ததும் அதே வருடம். நானுஓயாவுக்கு வர 1885 ஆகிவிட்டது. ஸ்டேஷனிலிருந்து பங்களாவுக்கும் தேவாலயத்துக்கும் பியானோவை மேடேற்றியது யார்? நம் ஆட்கள்தான். என் பாட்டனார் அப்படி ஒரு பியானோவுக்குத் தோள் கொடுத்தவர். எட்டுப் பேர், மூங்கிலும் கயிறும். "உள்ளே என்னமோ முனகிக்கிட்டே வந்துச்சுப்பா" என்பாராம். அசைவில் கம்பிகள் அதிர்ந்திருக்கும். சுமந்தவர்களுக்கு அது வாசித்துக் கேட்கக் கிடைத்ததா என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

லண்டனில் இப்போது அந்த வட்டக் கட்டடத்தில் அலுவலகங்கள் நடக்கின்றன. பாதுகாக்கப்பட்ட கட்டடம், இடிக்க விடமாட்டார்கள். நம் பக்கத்திலும் ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோர் தேயிலை அருங்காட்சியகமாகப் பிழைத்துக்கொண்டது. ஆனால் பூட்டிக் கிடக்கும் எத்தனை ஸ்டோர்களில் தகரத்தை முதலில் கழற்றுகிறார்கள், பிறகு பலகையை! பார்க்கும்போதே நெஞ்சு அடைக்கிறது.

சரி, பியானோவுக்கு வருகிறேன். நம் குளிரில் அதற்கு எதிரி ஈரம்தான். உள்ளே இருக்கிற கம்பளி ஊதிவிடும், பசை விட்டுவிடும். அடியில் ஒரு சிறிய பல்ப் பொருத்தி, அந்தச் சூட்டில் ஈரம் காயட்டும் என்று எந்நேரமும் எரிய விடச் சொன்னேன். இரண்டு வாரத்தில் கட்டைகள் ஒவ்வொன்றாக மேலே எழும்பின. மண்டபத்தைக் கூட்டுகிற அக்கா துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்து, ஒரே ஒரு கட்டையை அமுக்கி, சத்தம் அடங்கும்வரை விரலை எடுக்காமல் நின்றார். இன்னும் மூன்று கட்டைகள் பேசவில்லை. வருகிற சனிக்கிழமை மறுபடி போகிறேன். வணக்கம்.