உட்லண்ட்ஸா, துவாஸா?

நேயர்களுக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குக் கிளம்புகிற குடும்பங்களில் ஓடும் பேச்சு இதுதான்: எந்தச் சோதனைச்சாவடி வழியாகப் போவது, உட்லண்ட்ஸா, துவாஸா? தெம்பனிஸ் பக்கமிருந்து பிஐஇ விரைவுச்சாலையில் வருகிறவர், புக்கிட் தீமாவில் உட்லண்ட்ஸுக்குப் போகும் பிகேஇ விரைவுச்சாலை பிரிவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். அதைத் தவறவிட்டாலும் கேஜேஇ என்ற இன்னொரு விரைவுச்சாலை வழியாகச் சுற்றி வந்துவிடலாம். அதற்குள் காரில் ஒரு சின்னச் சண்டை நடந்து முடிந்திருக்கும்.

அதனால்தான் போய்க்கொண்டிருக்கும்போதே கைப்பேசியில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கேமராப் படங்களைத் திறக்கிறோம். இரண்டு சோதனைச்சாவடிகளுமே அதில் தெரியும்.

ஆனால் நாம் பார்ப்பது ஓடும் வீடியோ இல்லை, புகைப்படம். ஒன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் மாறும். ஒரே படத்தை நம்பித் திசை மாற்றாதீர்கள். உட்லண்ட்ஸையும் ஜோகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலம் முழுக்க வண்டி நின்றாலும் வரிசை மளமளவென்று நகர்ந்துகொண்டிருக்கலாம். பாலம் காலியாக இருந்தாலும் கூட்டமெல்லாம் சிங்கப்பூர்ப் பக்கமே தேங்கி நிற்கலாம்.

உட்லண்ட்ஸ் படத்தில் பளிச்சென்று தெரிகிற ஒரு வண்டியைக் குறித்துக்கொள்ளுங்கள். கூரையில் சாமான் கட்டிய வேன் கிடைத்தால் நல்லது. பேருந்து வேண்டாம், அதற்குச் சில இடங்களில் தனித்தடம் உண்டு. அடுத்த படம் வந்ததும் அந்த வேனைத் தேடுங்கள். அதே விளக்குக் கம்பத்தடியில் நின்றால் வரிசை அசையவில்லை. வேனையே காணோமா, தாராளமாக உட்லண்ட்ஸ் போகலாம். இரவில் இந்த வேலை பலிக்காது. பிரேக் விளக்குச் சிவப்பு எதுவரை விடாமல் நீள்கிறது என்று மட்டும் பாருங்கள். மலேசியக் கரையில் எத்தனை குடிநுழைவு முகப்புகள் திறந்திருக்கின்றன என்பதை இந்தப் படங்கள் காட்டாது.

இதெல்லாம் பக்கத்து இருக்கையில் இருப்பவர் செய்கிற வேலை. மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் கார் நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. வேனைத் தேட நாலு நொடி ஆனால், 100 மீட்டர் சாலையை ஓட்டுநர் பார்க்கவே இல்லை. ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது குற்றம். 2015 பிப்ரவரியிலிருந்து டேப்லெட்டுக்கும் இதே சட்டம். முதல் தடவைக்கே 1,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "நான்தான் தாங்கியில் மாட்டியிருக்கிறேனே" என்பார்கள். எங்கே மாட்டினாலும் பார்ப்பது அதே கண்தானே!

தனியாகப் போகிறீர்களா? வண்டி நிறுத்துமிடத்திலேயே அடுத்தடுத்து இரண்டு படங்களைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வழியில் விரைவுச்சாலை மின்பலகைகள் இருக்கின்றன, வானொலியும் இருக்கிறது.

ஓட்டுநர் பார்க்க வேண்டியது பெட்ரோல் முள்ளை. சிங்கப்பூர் வண்டி என்றால் டாங்க் முக்கால்வாசியாவது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தால், எந்தச் சோதனைச்சாவடியைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவார்கள்.